ஊமையான கதவு ஸ்பீக்கர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காரின் நான்கு கதவு ஸ்பீக்கர்களில் ஒன்று திடீரென்று வாயை மூடிக்கொண்டால், ஆக்சசரீஸ் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஸ்பீக்கர் போயிடுச்சு சார், ஜோடியா மாத்திடலாம்.” போயிருக்கலாம். ஆனால் செட்டின் பின்பக்கம் கிளம்பும் சத்தம் கதவுக்கு வந்து சேர்வதற்குள் கப்ளர், பில்லர், ரப்பர் குழாய், கதவுக்குள் ஓடும் ஒயர் என்று பல இடங்களைத் தாண்டுகிறது. எங்கே அறுந்தது என்று தெரியாமல் பர்ஸைத் திறக்க வேண்டாம். இங்கே சொல்வது சாதாரண நான்கு ஸ்பீக்கர் காருக்கு. கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபையர் வைத்துக் கொடுத்த கார் என்றால், கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் பேலன்ஸும் ஃபேடரும். பின் சீட்டுப் பிள்ளைகள் தொடுதிரையில் விளையாடியதில் புள்ளி ஒரு மூலைக்குப் போயிருக்கும். அதை நடுவில் கொண்டுவந்துவிட்டு, எஃப்.எம்., புளூடூத் இரண்டிலும் ஒருமுறை கேளுங்கள். காசில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

• வண்டியை நிறுத்தி, சின்னச் சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். நடுவில் ‘கரகர’ என்று கேட்டாலோ, ஒரு நொடி பாடி மறுபடி நின்றுபோனாலோ, குற்றவாளி பெரும்பாலும் கீல் பக்கத்தில் கதவையும் உடம்பையும் இணைக்கும் அந்தக் கறுப்பு ரப்பர் குழாய்க்குள் இருக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. நம் ஊரில் டிரைவர் கதவுதான் அதிகம் திறக்கப்படுவது என்பதால் வலது முன் ஸ்பீக்கர் முதலில் படுப்பது வழக்கம். ரப்பரைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு அறுந்த ஒயர் மேலே முழுசாகத் தெரியும், இழுத்தால் மட்டும் இலாஸ்டிக் போல நீளும். அதே குழாய்க்குள்தான் பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் ஒயர்களும் வருகின்றன. ஸ்பீக்கர் நின்ற அதே வாரத்தில் கண்ணாடியும் சண்டித்தனம் செய்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

• குற்றம் செட்டிலா, கதவிலா என்று பிரித்துப் பாருங்கள். வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்திய செட் என்றால் பின்னால் வரும் ஒயர்களின் நிறம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: இடது முன் வெள்ளை, வலது முன் சாம்பல், இடது பின் பச்சை, வலது பின் ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் மைனஸ். செட்டை அணைத்துவிட்டு, முன் இரண்டு ஜோடிகளையும் இடம் மாற்றிக் கொடுங்கள். மௌனம் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விட்டால் செட்டின் அந்தச் சேனல் போயிருக்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கிப் பயனில்லை. மௌனம் இருந்த இடத்திலேயே இருந்தால் ஒயர் அல்லது ஸ்பீக்கர்.

• இப்போதைய பெரிய தொடுதிரைச் செட்டை வெளியே எடுப்பதே பெரும்பாடு. அப்படியானால் வேலை செய்யும் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைக் கதவுக் கப்ளரில் மாட்டிப் பாருங்கள். பாடினால் கதவில் இருந்தது செத்தது.

• மல்டிமீட்டர் இருந்தால் கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் முனைகளை ஓம்ஸில் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 4-க்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் விட்டிருக்கிறது. பின்னல் ஒயரை சால்டர் வைத்துப் பிழைக்க வைக்கலாம். காயில் எரிந்திருந்தால் கோனை மெல்ல அழுத்தும்போதே உரசல் தெரியும், கருகிய வாடையும் வரும். தனியாக இருக்கும் ட்வீட்டருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் வழியில் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருப்பதால் நல்ல ட்வீட்டரும் மீட்டரில் ‘கட்’ என்றே காட்டும்.

• மீட்டர் இல்லையா? சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் போதும். அப்போதும் கப்ளர் கழன்றிருக்க வேண்டும். இரண்டு ஒயர் துண்டால் அதை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ‘டப்’ என்ற சத்தத்தோடு கோன் அசைந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. ப்ளஸ் ப்ளஸில் பட்டால் பெரும்பாலும் கோன் வெளியே வரும். ஒயர் நிறம் குழம்பிப்போன பழைய காரில் இது பெரிய உதவி.

• கதவின் அடிப்பக்கத் துளைகளைக் குத்திவிடுங்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கீழே வடிந்து போகும்படிதான் செய்திருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் காரில் பூவும் சருகும் சேர்ந்து துளையை அடைத்துவிடும். பிரேக் போடும்போது கதவுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கருக்கு நாள் எண்ணிக்கொள்ளலாம்.

செய்யக்கூடாதவை

• வால்யூமை ஏற்றிப் பார்க்காதீர்கள். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயரில் தொடர்பு திரும்பினால் முழுச் சத்தமும் ஒரேயடியாகக் காயிலில் பாயும்.

• ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் செய்யாதீர்கள். பழைய கால செட்டுகளில் சில அப்படித்தான் இருந்தன. அந்தப் பழக்கத்தில் இன்றும் செய்பவர்கள் உண்டு. இன்றைய செட்டுகளில் ப்ளஸ், மைனஸ் இரண்டிலுமே பாடியோடு ஒப்பிட்டால் சுமார் 6 வோல்ட் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லாததால் ஸ்பீக்கர் சும்மா இருக்கிறது. ஒன்றைப் பாடியில் தொட்டால் செட் தற்காப்புக்காக எல்லா ஸ்பீக்கரையும் அணைத்துக்கொள்ளலாம். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் உள்ளே ஐ.சி. போகும். செட் ஓடும்போது இரண்டு ஒயரை உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் இதே ரகம்.

• ஸ்பீக்கருக்கு வரும் ப்ளஸ், மைனஸ் ஒயர்களுக்கு நடுவில் டி.சி. அளக்காமல் புது ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். செட்டை ஆன் செய்து பாட்டில்லாமல் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். சில வோல்ட் நிலையாக நின்றால் பழைய ஸ்பீக்கரை எரித்தது செட்தான்; புதியதையும் எரிக்கும்.

• ஸ்க்ரூ டிரைவரை விட்டு டோர் பேடை நெம்பாதீர்கள். கைப்பிடிக் குழிக்குள்ளும் ஆர்ம்ரெஸ்டுக்கு அடியிலும் மூடி போட்ட ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்பை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஓரிரண்டு உடையும், வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன.

• மஞ்சள் கப்ளரில் மீட்டரை வைக்காதீர்கள். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். பேடைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். செட் கோட் கேட்கும் வகை என்றால் அதைத் தேடி வைத்துக்கொண்டு எடுங்கள்.

• உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறியாதீர்கள். ‘சும்மா கவர்’ என்று பலர் எறிவதைப் பார்க்கலாம். அடுத்த மழையில் பேடும் மிதியடியும் நனைவது அதனால்தான்.

• முறுக்கி டேப் சுற்றும் ஒட்டு வேண்டாம். மே மாத வெயிலில் டேப்பின் பசை இளகி ஒழுகும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ரப்பர் குழாய்க்குள் அறுந்த ஒயருக்கு அதே இடத்தில் ஒட்டுப் போட்டால் மறுபடி அங்கேயே உடையும். மடங்கும் பகுதி முழுவதற்கும் புது ஒயர் கொடுத்து, ஒட்டு இரண்டும் குழாய்க்கு வெளியே வரும்படி பாருங்கள்.

• அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

கடையில் விட்டால்

கம்பெனி கப்ளரை வெட்டாமல், அடாப்டர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வாரண்டி உள்ள காரில் இதை வலியுறுத்தவே வேண்டும். புது ஸ்பீக்கரின் ஆழத்தையும் கேளுங்கள்: கண்ணாடியை முழுக்க இறக்கும்போது காந்தத்தில் இடிக்கும் மாடல்கள் உண்டு. பேடை மூடுவதற்கு முன்பே கண்ணாடியை ஏற்றி இறக்கி, பாட்டையும் போட்டுக் கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் பாடுகிறது, ஆனால் பேஸ் மட்டும் காணோம் என்றால் ஒரு பக்கம் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கழற்றிய பழைய ஸ்பீக்கரைக் கையில் வாங்கி, பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஒரு செல்லை வைத்துத் தொட்டுப் பாருங்கள். ‘டப்’ என்றால் கடைக்காரரிடம் பேச இன்னும் கொஞ்சம் இருக்கிறது.