பாத்ரூம் போவதற்குள்…

கேள்வி: எனக்கு 48 வயது. அரை மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டுகிறது. பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. பஸ்ஸில் போகும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. வயதானால் இப்படித்தானா?

பதில்: இல்லை அம்மா, வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். 300, 400 மில்லி வரை தாங்க வேண்டிய சிறுநீர்ப்பை, பாதி நிறைவதற்குள் தானாகச் சுருங்குவதால் வரும் தொல்லை இது. கிருமித்தொற்றும் சர்க்கரையும்கூட இப்படிப் படுத்தும். அதனால் முதலில் சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதியுங்கள். ரத்தம் கலந்து போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் பையை இன்னும் உறுத்தும். குறைக்க வேண்டியது காபியும் டீயும்தான்.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். உட்கார்ந்து, வாயு பிரியாமல் அடக்குவதுபோல் அடித்தசையை ஐந்தாறு தடவை இறுக்கித் தளர்த்துங்கள். முட்டல் தணிந்தபின் நிதானமாக நடந்து போங்கள். முதல் வாரம் 5 நிமிடம் தள்ளிப்போட்டால் போதும். பிறகு 10, 15 என்று கூட்டுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், நடுவில் விட்டுவிடாதீர்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. சிலவற்றால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும். டாக்டரிடம் போகும்போது, எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தரம் போனீர்கள் என்று மூன்று நாள் குறித்த தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.