நாட்பட்ட குடல் அழற்சி: உணவும் மருந்தும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தபொழுது, அதன் பத்துக் குறள்களுட் பெரும்பகுதியை உண்ணும் அளவுக்கும் முறைக்குமே ஒதுக்கினார். எஞ்சியவற்றில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே வைத்தியஞ் செய்தல் வேண்டுமென்றும், நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவமென்றும் கூறி முடித்தார். உணவையும் மருந்தையும் ஒன்றற்கொன்று பகையாக்காது ஓரதிகாரத்துள் அடக்கிய அம்முறையைப் பின்பற்றி, இக்காலத்தில் எம்மவரிடையே முன்னரினும் மிகுதியாகக் காணப்படும் ஒரு நோயைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அது நாட்பட்ட குடல் அழற்சி என்பதாம்.

கல்லூரி விழா மலரில் இவ்வாராய்ச்சி எதற்கெனச் சிலர் வினவக்கூடும். இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையிலே தோன்றுவது. மாணவர் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பருவமும், பழைய மாணவர் தொழிலில் அமர்ந்து இல்லறம் புகும் பருவமும் அதுவே. மேலும், வெட்கத்தினால் மறைக்கப்படும் நோய்களுள் இதுவும் ஒன்று. யாம் இந்நோயுடன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றோம். ஆதலின், நூலறிவோடு பட்டறிவும் சேர்ந்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நோயின் இயல்பு

நாட்பட்ட குடல் அழற்சி இரு வகைப்படும். ஒன்று பெருங்குடற் புண் அழற்சி. இது மலக்குடலிலே தொடங்கி, இடையறாது மேல்நோக்கிப் பரவும். பெருங்குடலின் உட்சவ்வையே பெரும்பாலும் பற்றும். மற்றையது குறோன் நோய். இது வாய் முதல் மலவாயில் வரை எவ்விடத்திலும் தோன்றலாம். திட்டுத்திட்டாக இடைவெளி விட்டு அமையும். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவும். அதனாற் குடல் ஒடுங்குதலும், புரையோடிப் புதுவழி திறத்தலும் உண்டாகின்றன.

முன்னையதை இலண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் 1859ஆம் ஆண்டில் வேறொரு நோயாகப் பிரித்தெழுதினார். பின்னையதை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த கெனடி டால்சியல் 1913ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தாரெனினும், 1932ஆம் ஆண்டில் நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சார்ந்த குறோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவரும் பதினான்கு நோயாளரைப் பற்றி எழுதிய கட்டுரையே உலகின் கவனத்தை ஈர்த்தது. அகரவரிசையில் முதலில் நின்றமையாற் குறோனின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

இதன் காரணம் யாது? பரம்பரைச் சார்பு ஓரளவு உண்டு. குடலில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களுக்கும் உடலின் காவற்படைக்கும் இடையே இயல்பாயுள்ள இணக்கம் குலைந்து, காவலே வீட்டைத் தாக்கத் தொடங்குகின்றது. இது தொற்றுநோயன்று. ஒருவன் செய்த பிழைக்கு வந்த தண்டனையுமன்று. மனக்கவலை வேதனையைக் கூட்டலாம். ஆயின் கவலை மாத்திரமே இதைத் தோற்றுவிப்பதில்லை.

வாரக்கணக்காக நிற்காத பேதி, மலத்துடன் இரத்தமும் சீதமும் போதல், இரவில் உறக்கங் கலைந்து எழ நேரிடல், வயிற்றுவலி, மெலிவு, காய்ச்சல், இரத்தசோகை என்பன இதன் குறிகள். சிலருக்கு மூட்டுவலியும் கண் சிவத்தலும் தோன்றும். சிறுவருக்கு வளர்ச்சி குன்றுதலே முதற்குறியாதலும் உண்டு.

காரணத்தை ஆராய்தல்

எம் நாட்டில் இவ்வாராய்ச்சி மிக இன்றியமையாதது. அமீபாவால் வரும் சீதபேதி, பெருங்குடற் புண் அழற்சியைப் போன்றே தோன்றும். குடலிற் பற்றும் காசநோயோ குறோன் நோயினின்று பிரித்தறிதற்கு அரிது. அழற்சியை அடக்கும் ஸ்ரெரொயிட் மருந்துகளை அமீபா உள்ளவருக்கோ காசநோயாளருக்கோ ஆராயாது கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, குழாய்க் கமராவினாற் பெருங்குடலை உட்புகுந்து நோக்குதல், அங்கிருந்து சிறு துணுக்கெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல் ஆகிய யாவும் முறைப்படி நிகழ்தல் வேண்டும். மலத்தில் உள்ள கல்புரோடெக்டின் என்னும் புரதத்தை அளந்து அழற்சியின் அளவை மதிப்பிடும் முறையும் இன்று உண்டு.

மலத்தில் இரத்தங் கண்டவுடன் மூலவியாதி எனத் தாமே தீர்மானித்து, மாதக்கணக்கிற் கைமருந்து செய்து காலம் போக்குவோர் பலர். மூலவியாதியில் உடல் மெலிவதில்லை. பேதியும் காய்ச்சலும் இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

மருந்து

இந்நோய்க்கு மருந்து வந்த வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டுப் பேராசிரியை நன்னா சுவார்ட்ஸ் என்பார் மூட்டு வாதத்துக்கென ஆக்குவித்த சல்பசலசின் என்னும் மருந்து, குடல் அழற்சியையும் தணித்தமை 1940களில் அறியப்பட்டது. இம்மருந்து இரு கூறுகள் பிணைந்த ஒன்று. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுக்கின்றன. எக்கூறு குணஞ் செய்கின்றது என்பதை 1977ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் அசாத் கான், பிரிஸ், துருலவ் என்போர் ஆராய்ந்து காட்டினர். அக்கூறே இன்று மெசலசின் என்னும் பெயரில் வழங்குகின்றது. இது பெருங்குடற் புண் அழற்சிக்கே பெரிதும் பயன்படும். நோய் மலக்குடலை அண்டி நிற்குமாயின், வாய்வழி உட்கொள்வதோடு மலவாயில் வழியே செலுத்துவதும் நற்பயன் தரும்.

1955ஆம் ஆண்டில் துருலவ், விற்ஸ் என்னும் இருவர் 210 நோயாளரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், கோட்டிசோன் பெற்றோருள் நூற்றுக்கு 41 பேர் ஆறு வாரத்தில் நோய் தணிந்தனர். அது பெறாதோருள் அவ்வாறு தணிந்தோர் நூற்றுக்கு 16 பேரே. அதன் வழிவந்த பிரெட்னிசொலோன் இன்றும் கடும் நிலையிற் கைகொடுக்கின்றது. ஆயின் இவ்வகை மருந்து, வெள்ளம் பெருகும்போது கட்டும் மண் அணை போன்றது, நெடுங்காலம் நம்பியிருத்தற்குரியதன்று. நீடித்தால் எலும்பு நலியும், இரத்தத்திற் சீனி ஏறும், முகம் பருக்கும். அதனைத் திடீரென நிறுத்துதலும் ஆகாது. வெளியிலிருந்து வந்த மருந்துக்குப் பழகிய உடல், தன் இயற்கைச் சுரப்பைக் குறைத்திருக்குமாதலின், வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

நோய் தணிந்த நிலையைக் காத்தற்கு அசதயோபிரின் போன்றவை உள. இது முழுப்பயன் தர மூன்று மாதமளவு செல்லும். இடையிடையே இரத்தப் பரிசோதனையும் வேண்டும். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குறோன் நோய்க்கு அனுமதிக்கப்பட்ட இன்பிலிக்சிமாப் என்னும் ஊசிமருந்தும், அதன் பின்வந்த பலவும், முன்னர்ச் சத்திரசிகிச்சையின்றி மீளாதிருந்த பலரை மீட்டுள்ளன. அவற்றைத் தொடங்குமுன் உடலிற் காசநோய் மறைந்துள்ளதா எனப் பார்த்தல் அவசியம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். குறிகள் மறைவது ஒன்று. அழற்சி ஆறுவது வேறொன்று. வலியும் பேதியும் நின்ற பின்னரும் குடலின் உள்ளே தீ நீறுபூத்திருத்தல் கூடும். எம்முடன் ஒரே கிளினிக்கில் முறைபார்த்திருந்த இளைஞர் ஒருவர், ஓராண்டு சுகமாயிருந்தபின், இனி மருந்தெதற்கென நிறுத்தினார். நாட்டு மூலிகைச் சாறும் பத்தியமும் போதுமென உறவினரும் கூறினர். ஐந்தாம் மாதம் பெருகிய இரத்தப்போக்குடன் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தனர். மருந்துகளுக்கு அடங்காமையாற் பெருங்குடல் முழுவதையும் அகற்ற வேண்டியதாயிற்று. அவர் பிழைத்து, இன்று தொழில் செய்து மனைவி மக்களோடு வாழ்கின்றார். எனினும், குளிசைகளோடு காத்திருக்கக்கூடிய உறுப்பை அவர் இருபத்துநான்கு வயதில் இழந்தார்.

உணவு

உணவு இந்நோயில் எவ்விடம் பெறும்? முற்றாகக் குணப்படுத்தும் ஒரே பத்தியம் ஒன்று உண்டெனக் கூறுவோரை நம்புதற்கில்லை. உணவினாற் பயனில்லை என்போர் கூற்றும் பொருந்தாது. குறோன் நோயுற்ற சிறுவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறுணவின்றிச் சத்துப் பானம் மாத்திரம் கொடுத்தால், ஸ்ரெரொயிட் இன்றியே பலருக்கு நோய் தணிவது உறுதியாயிற்று. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பதனிட்ட உணவுகள், கோதுமை, பால்வகை என்பவற்றை விலக்கிய உணவோடு ஓரளவு சத்துப்பானமும் சேர்த்தாலும் அத்தகைய பயன் கிட்டும் எனக் காட்டியது. இவையும் வைத்தியரும் உணவியலாரும் மேற்பார்க்கச் செய்யத்தக்கனவே. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த வேறோர் ஆய்வில், தானியமும் சீனியும் விலக்கும் கடும்பத்தியமும், காய்கனி, மீன், ஒலிவெண்ணெய் மிகுந்த மத்தியதரைக்கடல் நாட்டு உணவும் ஏறக்குறைய ஒரே பயனையே தந்தன. கடுமை மிகுந்தாற் பயனும் மிகும் என்பது பிழை என்பதற்கு இது சான்று.

நோய் கடுமையாயுள்ள காலத்திற் குடலுக்கு வேலை குறைத்தல் வேண்டும். குழைய வேகவைத்த சோறு, அரிசிக் கஞ்சி, மென்மையான இடியப்பம், தோல் நீக்கிய பயறு, தோலுரித்து அவித்த உருளைக்கிழங்கும் பூசணியும், கனிந்த வாழைப்பழம் என்பன ஏற்றவை. புலாலுண்போர் அவித்த முட்டையும் முள் நீக்கிய மீனும் சேர்க்கலாம். ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாது, சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுதல் நன்று. மிளகாய், பொரியல், பச்சைக் காய்கள், விதையும் தோலுமுள்ளவை ஆகியவற்றைத் தற்காலிகமாக விலக்குக. எம்மவருட் பெரியோர் பலருக்குப் பாற்சீனி செரிப்பதில்லை. பாலருந்தி வயிறு பொருமுவோர் அதனை நீக்கித் தயிர் பொருந்துமாவெனப் பார்க்கலாம். பேதியால் நீரிழந்தோர்க்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தல் உதவும்.

நோய் தணிந்தபின் இப்பத்தியத்திலேயே நிற்றல் தவறு. நார்ப்பொருளைக் குடல் நுண்ணுயிர்கள் புளிக்கச்செய்து ஆக்கும் அமிலங்களே பெருங்குடற் கலங்களுக்கு உணவாகின்றன. ஆதலால் கீரையும் காயும் கனியும் ஒவ்வொன்றாக மீளச் சேர்க்கப்படுதல் வேண்டும். எதை உண்டபோது எது நேர்ந்தது எனக் கொப்பியொன்றிற் குறித்து வருதல் சிறந்தது. யாம் அவ்வாறு குறித்தே, எமக்கு ஒவ்வாதவை ஐந்தாறு பொருள்களே என்பதையும், மற்றையவற்றை வீணே அஞ்சவேண்டுவதில்லை என்பதையும் கண்டோம். குடல் ஒடுங்கியோர் மாத்திரம் ஒடியல், பலாச்சுளை, முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார் மிகுந்தவற்றை விலக்குதல் வேண்டும்; அவை அடைப்பை உண்டாக்கலாம்.

சைவ உணவினர் மேலும் ஒன்றைக் கவனித்தல் தகும். உயிர்ச்சத்து B12 சிறுகுடலின் இறுதிப் பகுதியிலே உறிஞ்சப்படுவது. குறோன் நோய் பெரிதும் பற்றும் இடமும் அதுவே. தாவர உணவில் அச்சத்து இயல்பாக இல்லாமையால், சைவ உணவினர்க்கு இக்குறைவு விரைவில் நேரும். இரும்புச்சத்தும் அவ்வாறே. இவற்றை இரத்தப் பரிசோதனையால் அறிந்து, ஊசியாலோ குளிசையாலோ நிரப்பிக்கொள்ளலாம். விரதங்களைப் பற்றியும் பலர் வினவுவர். நோய் கடுமையாயுள்ளபோதும், ஸ்ரெரொயிட் உட்கொள்ளுங்காலும், கந்தசட்டி போன்ற நீண்ட உபவாசங்களை மேற்கொள்ளாதிருத்தலே தக்கது. நோயாளர்க்கு விரதத்தில் விலக்களிப்பது எமது மரபுக்கும் புறம்பன்று.

மேலும், புகைபிடித்தல் குறோன் நோயை வளர்க்கும். டைக்குளோபினாக், ஐபுபுரோபென் முதலிய வலிநீக்கிகள் இரு வகையினருக்கும் ஊறு செய்யக்கூடும். கடையிற் கேட்டு வாங்கி விழுங்காது, வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளுக.

உடன் நிற்போர்

இனி நான்காவது உறுப்பாகிய துணைவரைப் பற்றிச் சில. ஆசிரியப் பெருமக்களே! வகுப்பிலிருந்து அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்கும் மாணவனைப் பிறர் முன்னிலையிற் கடியாதிருங்கள். அவனைத் தனியே அழைத்து வினவுங்கள். மலசலகூடம் அண்மையிலுள்ள இடத்தில் அவனுக்கு ஆசனம் அளிப்பதற்குச் செலவொன்றுமில்லை. பரீட்சை மண்டபத்திலும் இவ்வசதி கிடைக்குமாறு வைத்தியச் சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். விடுதிச் சமையலில் அவனுக்கென மிளகாயற்ற ஒரு கறி ஒதுக்குதலும் பெரும் உதவியாம்.

மாணவச் செல்வர்களே! மலத்தில் இரத்தங் காணின் தாய்தந்தையர்க்குச் சொல்லத் தயங்காதீர்கள். காலந்தாழ்த்திய ஒவ்வொரு மாதமும் குடலில் வடுவை வளர்க்கும். இந்நோயுடையோர் கல்வி கற்று, விளையாடி, மணம்புரிந்து, மக்களைப் பெற்று வாழ்கின்றனர்.

பழைய மாணவர்களே! பெருங்குடலில் எட்டாண்டுகளுக்கு மேல் இந்நோய் நிலைத்தோர்க்குப் புற்றுநோய் வாய்ப்பு ஓரளவு கூடுதலால், சுகமாயிருப்பினும் உரிய காலத்திற் பரிசோதனைக்குச் செல்லுங்கள். வசதியுடையோர், விலை மிகுந்த மருந்துகளை வாங்க இயலாத இளைஞரை நினைவிற் கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கட்டிடம் எழுப்புதல் போன்றே, அங்குப் பயின்ற ஒருவனின் மருந்துச் செலவைத் தாங்குதலும் நற்பணியாகும். எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க.