கம்பெனிக் கணக்கில் மதியச் சாப்பாடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மில்டன் கீன்ஸில் வீடு, லீட்ஸில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் கான்ட்ராக்ட். சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி. அதற்கு டைரக்டரும் நீங்கள்தான், ஊழியரும் நீங்கள்தான். திங்கள் விடியுமுன் கிளம்பி, லீட்ஸில் மூன்று இரவு தங்கி, வியாழன் ராத்திரி வீடு திரும்புகிறீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. கான்ட்ராக்டர் என்றால் நாளுக்கு 5 பவுண்டு சாப்பாட்டுக்கு எழுதிக்கொள்ளலாம், ரசீதே வேண்டாம் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னாராம். ஒரு வருடமாக வாரத்தில் ஐந்து நாளும் அப்படியே எழுதி வருகிறீர்கள். இது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது இன்னொன்று. உங்களுக்கு வர வேண்டியதை விட்டுவிட்டு, வரக்கூடாததை எடுத்திருக்கிறீர்கள். லீட்ஸில் மூன்று ராத்திரியும் காசு கொடுத்துச் சாப்பிட்டது கணக்கில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்ட வெள்ளிக்கிழமைக்கு 5 பவுண்டு இருக்கிறது. காதில் விழும் அரைகுறை யோசனையால் நம் ஆட்கள் பலர் இப்படி இரண்டு பக்கமும் நஷ்டப்படுவதைப் பார்த்து வருகிறேன். அதனால்தான் உங்களுக்கு மட்டும் பதில் போடாமல் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் சட்டத்தின் கண்ணில் உங்கள் கம்பெனி வேறு, நீங்கள் வேறு. கம்பெனி முதலாளி, நீங்கள் அதன் ஊழியர். கம்பெனி இல்லாமல் சொந்தப் பெயரில் தொழில் செய்பவருக்கு விதி வேறு. 1975-இல் அப்படித் தொழில் செய்த குவின் என்ற தச்சரின் வழக்கு ஒன்று இங்கே நீதிமன்றத்துக்கு வந்தது. வீட்டில் சாப்பிட்டால் 10 பென்ஸ் ஆகும், வேலை நடக்கும் இடத்தில் வாங்கிச் சாப்பிட்டால் 40 பென்ஸ் ஆகிறது, கூடுதலான 30 பென்ஸைத் தொழில் செலவாகக் கழிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை போலத்தான் தெரிகிறது. ஆனால் மனிதன் உயிர் வாழ்வதற்காகச் சாப்பிடுகிறான், தொழிலுக்காக மட்டும் அல்ல என்று சொல்லித் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போயிற்று. சாப்பாட்டுச் செலவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த நாட்டுக் கணக்காளர்கள் இன்றும் இந்த வழக்கை இழுப்பார்கள்.

நீங்கள் வருவது வேறு வாசல் வழியாக. ஊழியர் ஒருவர் வேலை நிமித்தம் தற்காலிகமான ஓர் இடத்துக்குப் பயணம் போனால், அந்தப் பயணச் செலவோடு சேர்ந்து வழியிலும் அங்கேயும் ஆகும் நியாயமான சாப்பாட்டுச் செலவையும் வரி இல்லாமல் கம்பெனி கொடுக்கலாம். 2003-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 338, 339 பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. ஆகவே பயணம் தேறினால் சாப்பாடும் தேறும். பயணம் தேறாவிட்டால் ஒரு சாண்ட்விச்கூடத் தேறாது. வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கும் போகவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லை.

இனி, லீட்ஸ் தற்காலிக இடமா? இங்கேதான் 24 மாத விதி வருகிறது. உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கழிந்து, அது 24 மாதத்தைத் தாண்டும் என்றால், வரித்துறை அதை நிரந்தர வேலையிடம் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்து அங்கே போய் வருவது எல்லோரும் ஆபீஸ் போய் வருவது மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு ஐந்தில் நான்கு நாள் லீட்ஸ், 80 சதவீதம். சந்தேகமே இல்லாமல் விதிக்குள் வருகிறீர்கள். வாரம் இரண்டு நாள் போகிறவருக்குக்கூடக் கணக்காக 40 சதவீதம் வந்துவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த விதியில் பெரும்பாலோர் தவறுவது ஓர் இடத்தில். 24 மாதம் முடிந்த பிறகு நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை; தாண்டப்போகிறது என்று தெரியவந்த நாளிலேயே நிறுத்த வேண்டும். உங்கள் வேலை 2024 மார்ச்சில் தொடங்கியது. இரண்டு வருடம் 2026 பிப்ரவரியோடு நிறையும். 2025 நவம்பரில் ஆறு மாத நீட்டிப்பு வந்து நீங்கள் ஒப்புக்கொண்டால், அந்த வேலை 2026 மே மாதம் வரை போகும் என்று நவம்பரிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ரயில், ஹோட்டல், சாப்பாடு மூன்றும் நவம்பரோடு சரி. அதற்கு முன் நியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நீட்டிப்புக்குச் சம்மதம் சொல்லும்போது நாள் கூலி எவ்வளவு என்று பேரம் பேசுகிறோமே, இந்தச் செலவுகள் வரிச்சலுகையை இழக்கப்போகின்றன என்பதையும் அப்போதே சேர்த்துப் பேச வேண்டும். வாரம் மூன்று இரவு ஹோட்டல் என்றால் அது சின்னத் தொகை இல்லை.

கிளையன்ட் மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். கேனரி வார்ஃபில் ஒரு வங்கியில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் இன்னொரு வங்கிக்குப் போனால், அதே ஜூபிலி லைன், அதே ஸ்டேஷன், அதே கட்டணம். பயணத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லாததால் பழைய மாதங்களும் சேர்ந்துதான் எண்ணப்படும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விவரம் மேலே சொன்ன எல்லாவற்றையும் புரட்டிப்போடக் கூடியது: இடையில் கம்பெனி இல்லாவிட்டால் நீங்கள் கிளையன்ட்டின் ஊழியராகவே கருதப்படுவீர்களா என்று பார்க்கும் ஐ.ஆர்.35 விதிக்கு உங்கள் கான்ட்ராக்ட் உள்ளேயா, வெளியேயா? 2021 ஏப்ரலிலிருந்து தனியார் துறையில் பெரிய, நடுத்தர கிளையன்ட் என்றால் அதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள்தான். முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். சின்ன கிளையன்ட் என்றால் பொறுப்பு உங்கள் கம்பெனியுடையது. 'இன்சைடு' என்று வந்திருந்தால், வீட்டிலிருந்து கிளையன்ட் இடத்துக்குப் போகும் பயணத்துக்கும் அதையொட்டிய சாப்பாட்டுக்கும் வரிச்சலுகை கிடையாது. 2016 ஏப்ரலில் வந்த மாற்றம் அது. ஒப்பந்தத்தோடு வந்த அந்தக் காகிதத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். 'அவுட்சைடு' என்று இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது அந்த 5 பவுண்டு. அது கற்பனை இல்லை. வரித்துறை வகுத்த நிலையான தொகைகள் இருக்கின்றன: வேலை நிமித்தப் பயணம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 5 பவுண்டு, 10 மணி நேரம் என்றால் 10, 15 மணி நேரம் ஆகி இரவு 8 மணிக்குப் பிறகும் பயணம் தொடர்ந்தால் 25. உங்களிடம் சொன்னவர் நிபந்தனைகளைச் சொல்லவில்லை. கிளம்பிய பிறகு உண்மையிலேயே காசு கொடுத்து ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். திங்கள்கிழமை வீட்டம்மா கட்டிக்கொடுக்கும் எலுமிச்சை சாதத்தோடு அன்றைய சாப்பாடு முடிந்துவிட்டால், அதற்கு இந்தத் தொகை பொருந்தாது.

இன்னொரு நிபந்தனை உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தத் தொகைகளுக்கு எவ்வளவு செலவானது என்ற ரசீதைக் கம்பெனி சரிபார்க்க வேண்டியதில்லை. ஆனால் பயணம் உண்மைதானா என்று சரிபார்க்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். ஊழியர் தன் செலவைத் தானே சரிபார்த்துக்கொள்ளக் கூடாது, கம்பெனியில் வேறொருவர் பார்க்க வேண்டும் என்கிறது வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. ஒரே ஆள் கம்பெனியில் அந்த வேறொருவர் யார்? ஆகவே என் கருத்து இதுதான்: தனி டைரக்டர்கள் நிலையான தொகையின் பக்கமே போக வேண்டாம். உண்மையில் எவ்வளவு செலவானதோ அதை ரசீதோடு எழுதுங்கள். உங்களுக்கு லாபமும் அதில்தான். லீட்ஸில் ஒரு ராத்திரிச் சாப்பாடு 18 பவுண்டு ஆனால் 18 பவுண்டும் எழுதலாம். நியாயமான அளவு என்பதுதான் வரம்பு.

எழுதும் முறையையும் சொல்கிறேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், எந்த கிளையன்ட், எந்த ஊர், என்ன சாப்பிட்டது, எவ்வளவு என்று ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி. அதே ராத்திரி ரசீதைப் போனில் படமெடுத்து அந்தத் தேதியின் பெயரில் வையுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் மீல் டீல் ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எடுத்துக்கொண்டு போகும் குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு வாட் பூஜ்யம், சிப்ஸுக்கும் பாட்டில் பானத்துக்கும் 20 சதவீதம். உங்கள் கம்பெனி வாட்டுக்குப் பதிவு செய்து சாதாரண முறையில் கட்டுகிறது என்றால் அந்த வாட்டைத் திரும்பப் பெறலாம், ரசீது இருந்தால். ஃப்ளாட் ரேட் முறையில் இருப்பவருக்கு அது இல்லை. அதே ரசீதில் வீட்டுக்கு வாங்கிய பாலும் தக்காளியும் இருந்தால் தனியாகப் பில் போடச் சொல்லுங்கள். வீட்டு மளிகையும் பயணச் சாப்பாடும் கலந்த ரசீதுதான் சோதனையில் முதலில் சந்தேகத்தைக் கிளப்பும். இந்தப் பதிவுகளைக் கணக்காண்டு முடிந்து 6 வருடம் வரை வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வேலைக்காக வெளியூரில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும், செய்தித்தாள், துணி துவைப்பது, வீட்டுக்குப் போன் செய்வது போன்ற சில்லறைச் செலவுக்கு 5 பவுண்டு வரை கம்பெனி வரியில்லாமல் தரலாம். வெளிநாடு என்றால் 10. ஒரு பயணத்துக்குச் சராசரி இதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி விழும் என்பதால் வரம்புக்குள்ளேயே நில்லுங்கள்.

கிளையன்ட் மேனேஜரை ஒரு நாள் தோசை சாப்பிட அழைத்துப் போனதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அது விருந்தோம்பல் கணக்கு. கம்பெனி பணம் கொடுக்கலாம், ஆனால் கார்ப்பரேஷன் டாக்ஸில் கழிக்க முடியாது, வாட்டும் திரும்ப வராது. தனித் தலைப்பில் எழுதி வைத்தால் வருடக் கடைசியில் அக்கவுண்டன்ட் அதை லாபத்தோடு திரும்பச் சேர்த்துவிடுவார். அதே சமயம் உங்கள் ஊழியர்களுக்கான ஆண்டு விருந்துக்கு ஆளுக்கு 150 பவுண்டு வரை, வாட் உட்பட, சலுகை உண்டு. அது கிறிஸ்துமஸ் விருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வருடாவருடம் நடக்கும் தீபாவளி விருந்தும் ஆகும். உங்கள் கம்பெனியில் ஊழியர் நீங்கள் ஒருவரே என்றாலும் துணைவியாரை விருந்தினராக அழைத்துப் போகலாம். ஆளுக்கு 151 ஆனால் ஒரு பவுண்டுக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும் வரி.

கடைசியாக, நடந்துபோன வருடத்தை என்ன செய்வது. பயப்படாதீர்கள். கவனக்குறைவால் நேர்ந்த பிழையை வரித்துறை கேட்குமுன் நாமே போய்ச் சொல்லிவிட்டால் அபராதம் மிகவும் குறையும், இல்லாமலும் போகலாம். தெரிந்தே மறைத்தது என்று ஆனால், வரியின் அளவுக்கே அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. உங்கள் அக்கவுண்டன்ட்டிடம் இந்த வாரமே சொல்லி, வெள்ளிக்கிழமைகளுக்கும், ஒன்றும் வாங்காத திங்கள்கிழமைகளுக்கும் எடுத்த தொகையை டைரக்டர் கடன் கணக்கில் உங்கள் பெயரில் பற்று வைக்கச் சொல்லுங்கள். கணக்காண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டிவிடுங்கள். தாமதமானால் அந்தக் கடனுக்கென்று கம்பெனி மீது தனி வரி வரும். கட்டாமலே விட்டுக் கடன் தள்ளுபடியானால், வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் சேரும். கம்பெனி கொடுத்த வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 12 மாதம் வரை திருத்தலாம். அதே திருத்தத்தில் லீட்ஸ் இரவுச் சாப்பாடுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஹோட்டல் பில்களில் பாதி மின்னஞ்சலில் கிடக்கும். உணவகத்தில் அட்டை தேய்த்தது வங்கிப் பதிவில் தேதியோடு இருக்கும். பில் கிடைக்காத இடங்களில் உணவகத்துக்கே எழுதிக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன வழக்கத்தை வைத்துப் பார்த்தால், திருப்பிக் கட்ட வேண்டியதைவிடக் கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது அதிகமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்