டொமைன் பெயரும் வணிகப் பெயரும்: சட்டப் பாதுகாப்பு எவ்வாறு?

வணிகத்தில் பெயர் என்பது வெறும் அடையாளமன்று. அது ஒரு சொத்து. ஆண்டுக்கணக்கில் ஈட்டிய நன்மதிப்பு அப்பெயரிலேயே தங்கியுள்ளது. இணையத்தில் வணிகம் வளர்ந்தபோது, டொமைன் பெயர் எனப்படும் இணைய முகவரிக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டா என்ற வினா எழுந்தது. இதற்கு விடை தந்த முக்கிய வழக்கு பெங்களூருவில் தொடங்கியது.

வழக்கின் வரலாறு

சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைக் கொண்டு 'சிஃபி' என்னும் சொல்லை உருவாக்கி, 1999-இல் அதனை முதன்மையாகக் கொண்ட டொமைன் பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர், 2001-இலும் 2002-இலும், சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம் ஓர் எழுத்து மட்டுமே வேறுபட்ட டொமைன் பெயர்களைப் பதிவு செய்து, இணையவழிச் சந்தைப்படுத்தலில் ஈடுபட்டது. சத்யம் இன்ஃபோவே பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றத்தை அணுகி, இடைக்காலத் தடையாணை பெற்றது.

கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. வாதிக்கு வேறொரு வணிகப் பெயர் இருப்பதால் பெரும் இழப்பில்லை என்றும், முதலீடு செய்துவிட்ட பிரதிவாதியே துன்புறும் என்றும் அது கருதியது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2004 மே 6 அன்று உயர் நீதிமன்றத்தின் ஆணையை ரத்து செய்து, தடையாணையை மீண்டும் நிலைநாட்டியது. தன் நிறுவனர்கள் ஐவர் பெயர்களின் முதலெழுத்துகளே தன் பெயராயின என்ற பிரதிவாதியின் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

தீர்ப்பின் அடிப்படை

டொமைன் பெயர்களுக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. எனினும் அப்பெயர் முகவரியாக மட்டுமின்றி, சேவையின் தோற்றுவாயைக் காட்டும் குறியாகவும் செயல்படுகிறது. எனவே 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் வரம்புக்குள், 'பாஸிங் ஆஃப்' என்னும் கோட்பாட்டின்படி அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. தன் சரக்கையோ சேவையையோ பிறருடையதெனத் தோன்றச் செய்வதையே இக்கோட்பாடு தடுக்கிறது. நன்மதிப்பு, மக்களை மயங்கச் செய்யும் ஒப்புமை, அதனால் விளையும் இழப்பு அல்லது இழப்பின் வாய்ப்பு ஆகிய மூன்றையும் வாதி காட்டுதல் வேண்டும். வணிகச் சின்னம் பதிவு பெறாதிருப்பினும் இவ்வழக்கைத் தொடுக்கலாம்.

வணிகச் சின்ன உரிமை நாட்டின் எல்லைக்கு உட்பட்டது. ஆகவே ஒரே சின்னத்திற்கு இரு நாடுகளில் இரு உரிமையாளர்கள் இருத்தல் கூடும். டொமைன் பெயரோ உலகெங்கும் ஒன்றே. முதலில் கேட்பவருக்கே அது கிடைக்கிறது. பூசலுக்கு இதுவே மூலகாரணம்.

பிற வழிகள்

உலக அளவில் 1999 முதல் டொமைன் பூசல்களைத் தீர்க்கும் சீரான கொள்கை ஒன்று நடைமுறையில் உள்ளது. '.இன்' பெயர்களுக்கு இந்தியாவில் தனிக் கொள்கை உண்டு. அதன்படி நடுவர் ஒரு பெயரை ரத்து செய்யவோ, முறையீட்டாளருக்கு மாற்றவோ ஆணையிடலாம்.

கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பெயர் பதிவு பெற்றதாலோ, டொமைன் கிடைத்ததாலோ வணிகச் சின்ன உரிமை தானாகக் கிட்டாது. அதற்குத் தனி விண்ணப்பம் தேவை. கர்நாடக நிறுவனங்களுக்குச் சென்னைப் பதிவகமே உரியது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பிக்கலாம். தொழில் தொடங்குமுன் சின்னப் பதிவேடு, கம்பெனிப் பெயர்கள், டொமைன் ஆகிய மூன்றையும் ஆராய்வது சிறுதொழில் முனைவோர்க்கு இன்றியமையாதது. முதலீட்டுக்குப் பின் பெயரை இழப்பது தொழிலையே இழப்பதற்கு ஒப்பாகும்.