கூடையும் தட்டும்: பழைய கெய்ரோ யூதச் சபையின் ஈகை முறை



ஈகையைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் கொடுப்பவரை நடுவில் வைத்தே அமைகின்றன. கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், அதனால் அவருக்கு விளைந்த நன்மை யாது என்று கேட்கிறோம். பெற்றுக்கொண்டவர் அன்றிரவு எத்தகைய மனத்தோடு உறங்கச் சென்றார் என்று கேட்பதில்லை. இக்கேள்வியை ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து எண்ணிய ஒரு சமூகத்தைப் பற்றி இம்முறை படிப்போம். எகிப்து நாட்டின் ஃபுஸ்தாத் நகரில், அதாவது இன்றைய பழைய கெய்ரோவில், வாழ்ந்த யூதச் சபையே அது.

ஏடுகள் கிடைத்த வரலாறு

ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக்கூடம் உண்டு. இறைவன் பெயர் எழுதப்பெற்ற தாளைக் கிழித்தெறிதல் ஆகாது என்பது யூதர் மரபு. ஆதலால் பயன் முடிந்த ஏடுகளைக் 'கெனிசா' எனப்படும் ஓர் அறையில் இட்டுவைத்தனர். திருமறைப் பகுதிகள் மட்டுமன்றிக் கடிதங்கள், கடன் பத்திரங்கள், திருமண ஒப்பந்தங்கள், கணக்குகள், உதவி வேண்டும் விண்ணப்பங்கள் ஆகியனவும் அவ்வறையில் சேர்ந்தன. வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896-97 ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அங்குச் சென்று, ஏறத்தாழ 1,93,000 துண்டு ஏடுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தார். பின்னர் எஸ். டி. கோயிட்டைன் என்னும் பேராசிரியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வேடுகளைப் படிப்பதில் செலவிட்டு, 'ஒரு மத்தியதரைக்கடல் சமுதாயம்' என்னும் பெருநூலை 1967 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். மார்க் கோஹென் என்னும் அறிஞர் அச்சபையின் வறுமையையும் ஈகையையும் தனியே ஆராய்ந்து 2005 ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். ஏழைகளின் வாழ்வு வரலாற்றில் எழுதப்படுவது அரிது. இங்கோ அவர்தம் கடிதங்களே நம் கைக்கு வந்துள்ளன.

நீதி என்னும் சொல்

எபிரேய மொழியில் ஈகைக்கு வழங்கும் சொல் 'செதாக்கா' என்பதாகும். நீதி, நேர்மை என்று பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது. ஏழைக்குக் கொடுப்பது, கொடுப்பவன் மனமிரங்கிச் செய்யும் சலுகையன்று. செலுத்தியே ஆகவேண்டிய கடமை என்பது இதன் உட்பொருள். தன் வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது நடுத்தரம். ஐந்தில் ஒரு பங்கு கொடுப்பது சிறப்பு என வகுத்தனர். பிறர் கொடுப்பதை உண்டு வாழும் ஏழையும் தன்னால் இயன்ற சிறிது கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். இவ்விதி முதலில் கடுமையானதாகத் தோன்றும். சற்றே சிந்தித்தால் அதன் கருணை விளங்கும். கொடுப்போர் வரிசையில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று அவ்வேழை தலைநிமிர அது வழி செய்கிறது.

கூடையும் தட்டும்

யூதர்தம் பழைய சட்டநூல்கள் ஊர்தோறும் இரண்டு பொது ஏற்பாடுகள் இருத்தல் வேண்டும் என்கின்றன. ஒன்று 'கூடை' என்னும் பொருள் தரும் பெயருடையது. வெள்ளிதோறும் காசு திரட்டி, ஊர் ஏழைகளுக்கு ஒரு வாரத்திற்குப் போதுமானதை அதிலிருந்து வழங்குவர். மற்றொன்று 'தட்டு' என்னும் பொருள் தரும் பெயருடையது. நாள்தோறும் வீடு வீடாக உணவு பெற்று, அன்றைய பசிக்கு அன்றே வழங்குவர்.

இவற்றை நடத்தும் முறை கருதத்தக்கது. காசு திரட்ட ஒருவர் தனியே செல்லலாகாது. இருவர் சேர்ந்தே செல்லுதல் வேண்டும். பங்கிட்டுக் கொடுப்பதற்கோ மூவர் வேண்டும். ஏன் மூவர்? பொருள் வழக்கைத் தீர்க்கும் நீதிமன்றத்தில் மூவர் அமர்வதே அவர்தம் வழக்கம். இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிடுவதும் ஒரு தீர்ப்பே என்று கருதினர். நிதியில் உள்ள சில்லறையை மாற்ற நேர்ந்தால், நிதியாளர் பிறரிடமே மாற்றவேண்டும். தம் சொந்தக் காசோடு மாற்றிக்கொள்ளலாகாது. ஐயத்திற்கு இடம் தராதிருத்தலும் அறத்தின் ஒரு கூறே அன்றோ?

ஒருவன் வந்து பசி என்றால் அவன் மெய்யனா பொய்யனா என ஆராயாமல் உடனே உணவளிக்க வேண்டும். அறிமுகமில்லாதவன் ஆடை வேண்டுமென்றால் விசாரித்துக் கொடுக்கலாம். பசி காத்திராது என்பதே காரணம்.

செவ்வாயும் வெள்ளியும்

ஃபுஸ்தாத் சபையில் வாரம் இருமுறை, செவ்வாயன்றும் வெள்ளியன்றும், ரொட்டி வழங்கப்பெற்றது. வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்குவதால் அன்று எவ்வீடும் வெறுமையாக இருத்தலாகாது என்பது நோக்கம். ரொட்டி பெற்றோர் பட்டியல்கள் பல நமக்குக் கிடைத்துள்ளன. கணவனை இழந்தோர், கண்ணொளி இழந்தோர், அநாதைச் சிறார், சுமை தூக்குவோர், கிரேக்கர் நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்த அயலார் எனப் பலதிறத்தார் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். உள்ளூரார் மட்டுமே உறவினர் என்று அச்சபை கருதவில்லை.

ஒருவருக்கு வாரத்திற்குப் பெரும்பாலும் நான்கு ரொட்டிகள். ஒரு ரொட்டி ஏறத்தாழ 450 கிராம் என்பர். நான்கும் சேர்ந்து 1,800 கிராம். நாளொன்றுக்கு 257 கிராம். இது முழுவயிற்றை நிரப்பாது. அச்சபை செல்வத்தில் புரளவில்லை என்பதும், இருந்ததைப் பலருக்கும் பகிர்ந்தது என்பதும் இக்கணக்கால் விளங்கும். ரொட்டியோடு கோதுமையும் ஆடையும் காசும் அவ்வப்போது வழங்கினர். அக்காலத்தில் முஸ்லிம் அல்லாத ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தலைவரி செலுத்த வேண்டும், செலுத்தாதவர் சிறைப்படுவர். ஏழைகளின் தலைவரிக்கும் உதவி தேடித்தருவது சபையின் பொறுப்பாயிற்று. அநாதைகளுக்கும் ஏழைச் சிறார்க்கும் எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்குச் சபையே ஊதியம் கொடுத்தது என்னும் செய்தி, ஆசிரியப் பணியில் நரைத்த நமக்குப் பெருமகிழ்ச்சி அளிப்பதாகும்.

பொருள் வந்த வழி

கொடை கொடுத்தோர் பட்டியல்களும் கிடைத்துள்ளன. பெருவணிகர் பெயர்களோடு கைத்தொழிலாளர் பெயர்களும் சிறு தொகைகளோடு காணப்படுகின்றன. தொழுகைக்கூடத்தில் கூடியிருக்கும்போது இவ்வளவு தருவேன் என வாக்களிப்பர். பின்னர் அதனைத் திரட்டுவர். அறத்திற்கென எழுதிவைத்த வீடுகளின் வாடகை மற்றொரு வருவாய். வீட்டைப் பழுதுபார்த்தல், விளக்கெண்ணெய், பணியாளர் ஊதியம், ஏழையர் உதவி ஆகியவற்றுக்கு அவ்வாடகை செலவாயிற்று. கணக்குகளை எழுதிவைத்தனர்.

பெண்டிரும் கொடுத்தனர். 1100 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அல்-வுஹ்ஷா என்று அழைக்கப்பெற்ற பெண்மணி ஒருவர் வணிகத் தரகராய்ப் பெரும்பொருள் ஈட்டினார். சபையாரோடு அவருக்குப் பிணக்கும் இருந்தது. ஒரு நோன்பு நாளில் தொழுகைக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். ஆயினும் தம் இறுதி விருப்ப முறியில், மக்கள் இரவிலும் அமர்ந்து கற்பதற்கு விளக்கெண்ணெய் வாங்கத் தொழுகைக்கூடங்களுக்குப் பொருள் வைத்தார். தம்மை வெளியேற்றியோர்க்கும் விளக்கு ஏற்றிய உள்ளத்தை என்னென்பது!

சிறைமீட்பு

எல்லா ஈகையிலும் சிறைமீட்பே முதன்மையானது என்றனர். கடற்கொள்ளையரிடம் அகப்பட்டவன் பசியும் அச்சமும் உயிர்க்கேடும் ஒருங்கே உடையவன். அன்றைய வழக்கப்படி மூவரை மீட்க 100 தினார். அதாவது ஒருவருக்கு 33 தினாருக்குச் சற்று மேல். சிக்கனமான ஒரு குடும்பம் மாதம் 2 தினாரில் வாழ்ந்த காலம் அது. ஆகவே ஒருவரை மீட்க ஒரு குடும்பத்தின் பதினாறு மாதச் செலவுக்கு மேல் வேண்டியிருந்தது. 1099 இல் சிலுவைப் போர் வீரர் எருசலேமைக் கைப்பற்றியபோது பிடிபட்ட மக்களையும், அவர்களோடு அகப்பட்ட நூல்களையும் பொருள் கொடுத்து மீட்டதைக் கூறும் கடிதங்கள் உள்ளன. 1168 இல் எகிப்தின் பில்பைஸ் நகரத்தார் சிறைப்பட்டபோது, ஊர்தோறும் பொருள் திரட்டக் கடிதம் விடுத்தவர் மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர்.

முகம் மறைத்தோர்

கெனிசாவின் விண்ணப்பங்களில் நம் நெஞ்சைத் தொடுவன, ஒருகாலத்தில் நன்றாக வாழ்ந்து பின் நொடித்தோர் எழுதியவையாகும். ரொட்டி வரிசையில் நிற்பதினும் பட்டினி கிடத்தல் மேல் என்று அவர்கள் எண்ணினர். தம் முகத்தை ஊரார்முன் திறந்து காட்டாமல் காக்குமாறு வேண்டினர். இத்தகையோரை 'மறைவில் வாழ்வோர்' எனக் குறிக்கும் வழக்கே அச்சபையில் இருந்தது.

இதனைப் படித்தபோது நம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வந்தது. 1975 ஆம் ஆண்டில் நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் ஏழைச் சிறார்க்கு இலவசக் குறிப்பேடுகள் வந்தன. ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நாம், ஒழுங்காகச் செய்வதாக எண்ணி, பெயர்களை உரக்கப் படித்து ஒவ்வொருவரையும் முன்னே அழைத்துக் கொடுத்தோம். ஒரு சிறுமி மட்டும் எழுந்து வரவில்லை. மறுநாள் பள்ளிக்கும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் தாய் வந்து, “நோட்டு இல்லாட்டியும் பரவாயில்லைங்கம்மா, அத்தனை பேர் எதிரிலே பேரைக் கூப்பிடாதீங்க” என்றார். நாம் நாணினோம். அதன்பின், திருத்திய குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது புதியதையும் அவரவர் ஏட்டுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவோம். பயிற்சிப் பள்ளி கற்பிக்காத பாடத்தை அத்தாய் கற்பித்தார்.

எட்டுப் படிகள்

மேற்கூறிய மைமோனிடிஸ் ஃபுஸ்தாத்தில் வாழ்ந்து, 1204 இல் மறைந்தவர், மருத்துவர், சட்டநூல் வல்லார். அவர் நூல்களில் ஆழ்ந்திருக்கப் பொருளீட்டிக் குடும்பம் காத்தவர் தம்பி தாவீது. மணிவணிகரான அத்தம்பி இந்தியக் கடலில் மரக்கலம் மூழ்கி மாண்டார். ஆதரவை ஒரே நாளில் இழப்பது எத்தன்மையது என்பதை மைமோனிடிஸ் பட்டறிந்தவர். அவருடைய 'மிஷ்னே தோரா' என்னும் சட்டநூல் ஈகையை எட்டுப் படிகளாக வகுக்கிறது. கீழிருந்து மேலாக அவற்றைக் கூறுவோம்.

1. மனம் நொந்து கொடுத்தல்.
2. தகுதிக்குக் குறைவாயினும் இன்முகத்தோடு கொடுத்தல்.
3. கேட்டபின் கொடுத்தல்.
4. கேட்குமுன் கொடுத்தல்.
5. பெறுபவர் கொடுப்பவரை அறிவார். கொடுப்பவர் பெறுபவரை அறியார்.
6. கொடுப்பவர் பெறுபவரை அறிவார்; பெறுபவர் கொடுப்பவரை அறியார்.
7. இருவரும் ஒருவரையொருவர் அறியார்.
8. கடனாகவோ, தொழிற்கூட்டாகவோ, வேலையாகவோ கைகொடுத்து, ஒருவர் இனி எவரிடமும் கேட்கத் தேவையில்லாதவாறு நிலைநிறுத்தல்.

படி ஏற ஏற மாறுவது கொடையின் அளவன்று. பெறுபவரின் நாணம் படிப்படியாகக் குறைகிறது என்பதைக் காண்க. பொதுக் கூடையில் இடுவது ஏழாம் படிக்கு அருகில் நிற்பதென்றும் அவர் கருதினார். அக்கூடையில் காசிட்டவர் அது யாருக்குச் செல்லும் என்று அறியார். பெற்றவரும் அது யாருடையது என்று அறியார். நாம் குறிப்பேட்டை ஏட்டுக்குள் வைத்தது ஆறாம் படி. அச்சிறுமியின் தாய்க்கு நிலையான வேலை ஒன்று தேடித் தந்திருந்தால் அது எட்டாம் படி. அதனைச் செய்யவில்லையே என்னும் எண்ணம் இன்றும் நமக்குண்டு.

பாடத்தின் பயன்

அச்சபை குற்றமற்றது என்று கூற நாம் வரவில்லை. வரிசையும் பட்டியலும் இன்றிப் பலருக்கு உணவளித்தல் அரிது. பட்டியல் இருந்தாலோ பெயர் வெளிப்படும். முகம் மறைக்க விரும்பிய ஏழையின் கடிதத்தை 900 ஆண்டுகள் கழித்து நாம் படிக்கிறோம். முறைமைக்கும் மானத்திற்கும் இடையே அச்சபை இடையறாது முயன்றது என்பதே உண்மை. ஒழுங்குபட நடத்துவதும் வேண்டும். ஒருவர் தலைகுனியாமல் காப்பதும் வேண்டும். பொருள் வழங்கும் எவர்க்கும் இவ்விரண்டும் இரு கண்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு உரையாட வினாக்கள்

1. திரட்ட இருவர், பங்கிட மூவர் என்று வகுத்ததன் காரணம் யாது?
2. ஏழையும் கொடுக்கவேண்டும் என்னும் விதி சரியா? உங்கள் கருத்தைக் கூறுக.
3. சென்ற ஓராண்டில் நம் வீட்டார் செய்த உதவிகள் எந்தெந்தப் படியில் அமைந்தன?
4. அவற்றுள் ஒன்றை ஒரு படியேனும் உயர்த்த நாம் என்ன செய்யலாம்?

நான்காம் வினாவிற்கு விடையை எழுதவேண்டா. செய்து காட்டினால் போதும். அதையும் பிறர் அறியாமல் செய்தல் நன்று.