கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் வேலை இருக்கிறது

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி, பயோடேட்டா எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தாள். "கடையில என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்லக்கா. புடவைய எடுத்துப் போடணும், மடிச்சு வைக்கணும். அவ்வளவுதான்."

விடாமல் கேட்டேன். கல்யாணப் பார்ட்டி வந்து உட்கார்ந்தால், நாலாவது புடவையை விரிப்பதற்குள் முடிவு யார் கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மணப்பெண் மயில்கழுத்து நிறத்தையே தடவிக்கொண்டிருப்பாள். மாமியார் அரக்கைத் தாண்ட மாட்டார். அப்பா விலைச்சீட்டை மட்டும் திருப்பிப் பார்ப்பார். மூவரும் தலையாட்டக்கூடிய ஒன்றை உருவி, முந்தியைப் பெண்ணின் தோளில் போட்டுக் காட்டுவாள். முகூர்த்த மாதங்களில் இப்படி ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள். கடை அடைத்தபின் செக்‌ஷன் சரக்கை எண்ணி, பில்லோடு ஒத்துப் பார்ப்பாள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கோர்வைப் பட்டை அடையாளம் காணச் சொல்லித் தந்ததும் அவள்தான்.

விற்பனை, வாடிக்கையாளர் சேவை, சரக்குக் கணக்கு, பயிற்சி. நான்கு வேலைகள். அவள் வாயில் அது "அவ்வளவுதான்" ஆகியிருந்தது.

கடைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். கால் கடுக்க நிற்பதையே இவ்வளவு காலம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கால்களுக்கு மேலே இருந்த திறமையை யார் கணக்கில் எடுத்திருப்பார்கள்? அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கடை வேலையை விட்டு வெளியே வர நினைக்கிறவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. இதை நம்புவதுதான் முதல் படி.

முதலில் ஒரு நோட்டு

பயோடேட்டாவுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கடை திறப்பதிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை நீங்கள் செய்வதை ஒரு வாரம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பில்? கல்லாவில் எவ்வளவு பணம் புழங்குகிறது? எத்தனை பேருக்கு வேலை கற்றுத் தந்தீர்கள்? டார்கெட்டை எத்தனை மாதம் தொட்டீர்கள்?

"சேல்ஸ் ஸ்டாஃப், 7 வருடம்" என்ற வரியைப் படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். "பட்டுப் பிரிவில் 7 ஆண்டு நேரடி விற்பனை; பிரிவின் அன்றாடச் சரக்குக் கணக்கு என் பொறுப்பு; புதியவர்கள் 6 பேருக்குப் பயிற்சி" என்று எழுதினால் நின்று படிப்பார். இரண்டும் ஒரே ஆள்தான். எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். இன்டர்வியூவில் அந்த எண்ணைப் பிடித்துத்தான் கேள்வி வரும்.

பக்கத்து வாசலைத் தட்டுங்கள்

கடையிலிருந்து நேரே ஐ.டி. கம்பெனிக்குத் தாவப் பார்ப்பவர்கள்தான் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். உங்கள் அனுபவத்துக்கு விலை கிடைக்கும் இடம், அநேகமாகப் பக்கத்து வாசல்.

பில்லிங்கில் இருந்தவருக்கு மருத்துவமனை பில்லிங், நகைக்கடன் கிளை, கணக்காளர் அலுவலகம். பணத்தை எண்ணி, மாலையில் ஒரு ரூபாய் குறையாமல் ஒப்படைத்துப் பழகியவரைத்தான் அங்கெல்லாம் தேடுகிறார்கள்.

சரக்கு இறக்கி, இன்வர்ட் போட்டு, ஸ்டாக் எடுத்தவருக்குக் கிடங்குகள். சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் கிடங்குகள் நிறைய.

கவுன்ட்டரில் பேசி விற்றவருக்கு மருத்துவமனை, ஓட்டல், கார் ஷோரூம் வரவேற்பு. கால் சென்டரில் தமிழ்ப் பிரிவு. காப்பீடு, வங்கிக் கடன் விற்பனை. தெலுங்கோ இந்தியோ பேசுவீர்கள் என்றால் அதைப் பயோடேட்டாவின் மேல் பகுதியிலேயே போடுங்கள்.

சரக்கை நன்றாக அறிந்தவருக்கு, அதே சரக்கின் மறுமுனை. துணி தெரிந்தவருக்குத் திருப்பூர், ஈரோடு மொத்த வியாபாரமும் ஏற்றுமதி நிறுவனங்களும். சூப்பர் மார்க்கெட்டில் இருந்தவருக்கு, அங்கே சரக்குப் போட வரும் டிஸ்ட்ரிபியூட்டர். ஆர்டர் எடுக்க வாராவாரம் வரும் அந்த சேல்ஸ் ரெப்பிடமே "உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாண்ணே?" என்று கேளுங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் வார்த்தைக்கு விண்ணப்பத்தைவிட எடை அதிகம்.

ஒரே ஒரு படிப்பு

ஐந்து கோர்ஸில் சேர்ந்து எதையும் முடிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை எடுங்கள், முடியுங்கள். கணக்குப் பக்கம் போகிறவர் டேலியும் ஜி.எஸ்.டி. அடிப்படையும். கிடங்குக்குப் போகிறவர் எக்செல். வரவேற்புக்குப் போகிறவர் ஆங்கிலப் பேச்சு. தினம் அரை மணி நேரம், வாய்விட்டு.

பட்டம் பாதியில் நின்றிருந்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாம். ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு அது. அதற்காக இருக்கும் வேலையை விட வேண்டாம்.

வேலை தேட இலவச இடங்கள் இருக்கின்றன. தனியார் வேலைகளுக்காகத் தமிழ்நாடு அரசே ஓர் இணையதளம் நடத்துகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகின்றன. அடுத்த முகாம் எந்தத் தேதி என்று நேரில் கேட்டு, அன்றைக்கு வார லீவு போடுங்கள்.

சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்

பல கடைகள் அனுபவச் சான்றிதழ் தருவதில்லை. கலங்க வேண்டாம். பி.எஃப். பிடித்திருந்தால், யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பி.எஃப். இணையதளத்தில் நுழைந்து உங்கள் பணி வரலாற்றை எடுக்கலாம். கடையின் பெயரும் சேர்ந்த தேதியும் அதில் இருக்கும். விலகிய தேதியைக் கடை பதியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். சம்பளம் வங்கியில் ஏறியிருந்தால் அந்தப் பாஸ்புக் இன்னொரு சாட்சி. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கடையில் கொடுத்திருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

பி.எஃப். பணத்தை உடைக்காதீர்கள். புதிய வேலைக்கு மாற்றுங்கள். பத்து ஆண்டு சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி. எடுத்துவிட்டால் அந்த எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

பணிக்கொடையையும் விடாதீர்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் தொடர்ந்து ஐந்து ஆண்டு முடித்தவருக்கு அது உரிமை. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் 52,500 ரூபாய். நாலரை வருடத்தில் விலக நினைப்பவர் காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலகும் நேரமும் முக்கியம். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் போனால் நல்ல பெயரும் போகும், போனஸும் சிக்கலாகும். பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின், முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, முறையாக விலகுங்கள்.

சம்பளத்தை முழுதாகக் கணக்குப் போடுங்கள்

கடையில் தங்கும் இடமும் சாப்பாடும் தந்திருந்தால், அதுவும் உங்கள் சம்பளம்தான். புதிய வேலையில் கையில் மூவாயிரம் கூடுதலாக வந்தாலும், ஹாஸ்டல் வாடகையும் மெஸ் பில்லும் பஸ் பாஸும் அதைத் தின்றுவிடலாம். கூட்டிக் கழித்தபின் முதல் வருடம் சமமாக வந்தால்கூட, ஞாயிறு விடுமுறையும் அடுத்த படியும் உள்ள வேலை என்றால் எடுங்கள். சமமாகக்கூட வராவிட்டால், தயங்காமல் பேரம் பேசுங்கள். விலை பேசுவது உங்களுக்குப் புதிதில்லை.

"ஏன் விடுறீங்க?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பழைய முதலாளியைக் குறை சொல்லாதீர்கள். "ஏழு வருஷம் மக்களோட பேசி வித்தேன், சரக்குக் கணக்கு பார்த்தேன். இதே வேலையில அடுத்த கட்டத்துக்குப் போகணும், அதுக்காக எக்செல் முடிச்சிருக்கேன்" என்றால் போதும். கோபமாக வந்த ஒரு வாடிக்கையாளரை நீங்கள் சமாளித்த கதை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். யார் வந்தார், என்ன குறை, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது. இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள்.

ஒரு எச்சரிக்கை

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், டெபாசிட், யூனிஃபார்ம் காசு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, விசா இலவசம்" என்று போனவர்கள் மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். வெளிநாடு என்றால், மத்திய அரசில் பதிவு பெற்ற முகவரா என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணின் பயோடேட்டாவை அன்று ஒரு பக்கத்தில் எழுதி முடித்தோம். அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இவ்வளவும் நானாக்கா?" என்று கேட்டாள். அதில் நான் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை.

இன்று கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும், நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, இன்று செய்த வேலையைப் பத்து வரியில் எழுதுங்கள். உங்கள் அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் முதல் பத்து வரிகள் அவைதான்.