மூன்று புழு போதும்

அன்புள்ள மலருக்கு,

கறிவேப்பிலைச் செடியில் உள்ள பதினெட்டுப் புழுக்களையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, குருவிகளிடமிருந்து காப்பாற்றப் போவதாக எழுதியிருந்தாய். லீவுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் மூன்றை மட்டும் எடு. மீதி செடியிலேயே இருக்கட்டும்.

தேன்சிட்டு பூப்பூவாய்த் தாவித் தேன் குடிப்பதைப் பார்த்து, குஞ்சுக்கும் அதையே ஊட்டும் என்று நினைத்துவிடுகிறோம். தேன் சர்க்கரைத் தண்ணீர். அதைக் குடித்து இறகும் சதையும் வளராது. அதனால் குஞ்சுக்குப் புழுவும் சிலந்தியும்தான் தேடிவரும். தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சு வாயில் பூச்சியைத்தான் வைக்கும். வட அமெரிக்காவில் சிக்கடி என்றொரு சின்னப் பறவை. ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தெடுக்க அதற்கு 6000 முதல் 9000 புழுக்கள் வேண்டும் என்கிறார் பூச்சியியலாளர் டக்ளஸ் டலமி. நம்மூர்க் குருவிக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் உன் பதினெட்டு எத்தனை நாள் காணும் என்று யோசித்துப் பார். ஜன்னலில் குருவி வேண்டும், செடியில் ஒரு புழுவும் சாகக் கூடாது என்றால் நடக்காது.

புழு பாவமில்லையா என்பாய். ஒரு பூச்சி நூறு முட்டை இடுவதாக வைத்துக்கொள். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என இரண்டு தேறினாலே அந்த இனம் குறையாது. நூறும் தேறினால் அடுத்த தலைமுறையில் உங்கள் வீட்டு ரசத்துக்கு ஓர் இணுக்குக் கறிவேப்பிலை மிஞ்சாது. அதோடு, ஒரே டப்பாவில் நெருக்கி வைத்தால் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்.

அப்படியானால் மூன்று மட்டும் எதற்கு? பார்ப்பதற்குத்தான். கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகியோ கறிவேப்பிலை அழகியோ வைத்த முட்டையிலிருந்து வரும் புழு, முதலில் காக்கை எச்சம் போலவே இருக்கும்: கரும்பழுப்பு, நடுவில் வெள்ளைத் தீற்று, ஈரப் பளபளப்பு வேறு. நான்காவது முறை தோலுரித்ததும் இலைப்பச்சை ஆகிவிடும். அந்தப் பருமனில் எச்சம் என்று யாரை ஏமாற்றுவது? லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பு நீளும், நாற்றம் அடிக்கும். நாற்றம் எறும்பு மாதிரிச் சின்ன எதிரிகளுக்கு. எச்ச வேஷமும் பச்சை வேஷமும் குருவியின் கண்ணுக்காகவே அமைந்தவை. குருவியை விலக்கிவிட்டால் இந்தப் புழு ஏன் இப்படி இருக்கிறது என்பதே விளங்காது.

அரிக்கும் என்று அம்மா பயப்படுவாள். முருங்கையில் மொய்க்கும் மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சிதான் அரிக்கும், அதைத் தொடாதே. இது வழுவழுப்பான புழு, ஒன்றும் செய்யாது. கடைக் கறிவேப்பிலையைப் போடாதே, மருந்து தெளித்திருப்பார்கள். சொந்தச் செடியில் ஒரு கொத்து ஒடித்து, காம்பைத் தண்ணீர்ச் சீசாவில் வைத்து, வாயைப் பஞ்சால் அடை. இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி முங்கிவிடும். மேலே பழைய வேட்டித் துணி போதும். தின்பதை நிறுத்தி, தண்ணீராய்க் கழிந்து, அங்குமிங்கும் ஊர ஆரம்பித்தால் கூடு கட்டப் போகிறது என்று அர்த்தம். ஒரு குச்சியைச் சாய்த்து வை. தன் இடுப்பைச் சுற்றிப் பட்டு இழையால் ஒரு வளையம் போட்டு அதில் சாய்ந்துகொள்ளும். அதன் பிறகு குச்சியை அசைக்காதே.

சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வரும். தாய்க்குளவி புழுவுக்குள்ளேயே வைத்த முட்டையிலிருந்து வளர்ந்தவை அவை. உன் வளர்ப்பில் பிழை என்று அழாதே. எத்தனை வந்தன, என்ன நிறம் என்று எண்ணி எழுது.

அன்புடன்,
பெரியப்பா